பேர்கோலாகலம்

வாகரைக்குக் கடவுள் வெயிலில் குறை வைக்கவில்லை. மணலிலும் குறையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே திருகோணமலை வீதி. குறையென்று சொல்ல ஒரு பேர்கோலாதான் இல்லாமல் இருந்தது. போன வருடம் அந்தக் குறையும் தீர்ந்தது. தீர்த்துவைத்தவர் எங்கள் அத்தான்.

அத்தான் லண்டன்காரர் ஆகி முப்பது வருடம் இருக்கும். ஊரை ஒருநாளும் மறக்காதவர். வாகரையில் என்ன இல்லை என்பதை அங்கிருந்தபடியே கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. நாங்கள் இங்கேயே கிடப்பதால் எங்களுக்கு அது தெரிவதில்லை. வளவு அக்காவுடையது, மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு எழுதியாயிற்று, நானும் அம்மாவும் காவலுக்கு இருக்கிறோம். ஆகவே கட்டுவது அத்தானின் உரிமை, பாராட்டுவது எங்கள் கடமை. நெய் பூசி மாலை சூட்டி அடுக்கியிருந்த தொண்டைமானின் படைக்கலங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஔவையார் எவ்வளவு மனம் திறந்து பாராட்டினாரோ, அதே மனத்தோடு நானும் என் கடமையைச் செய்கிறேன்.

சொல்லை முதலில் போனில் கேட்டபோது அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை. இரண்டாந்தரம் கேட்டுவிட்டு, "பேரே கோலாகலமாத்தான் இருக்கு மருமகன். ஆனா அது என்ன?" என்றாள். அத்தான் பொறுமையாக விளக்கினார். ஆறு தூண், அதன்மேல் வளை, வளைக்கு மேல் இடைவெளி விட்டு விட்டுச் சட்டம். அவ்வளவுதான். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூரை எப்ப போடுவீங்க?" என்று கேட்டாள். அப்போது அத்தான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கூரை போடாததுதான் பேர்கோலா என்பதை வாகரை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது.

வெறும் ஆசையில் பிறந்த திட்டம் இல்லை இது, படிப்பு இருக்கிறது. இலத்தீனில் 'பெர்குலா' என்றால் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் தாழ்வாரம். இத்தாலிக்காரன் அதில் முந்திரிகைக் கொடியை ஏற்றி, கீழே இருந்து சாப்பிட்டான். யாழ்ப்பாணத்தில் தூண் நட்டுக் கம்பி இழுத்து முந்திரிகை ஏற்றுகிறார்களே, கம்பம் பள்ளத்தாக்கில் ஏக்கர் ஏக்கராகப் போட்டிருக்கிறார்களே, அதே சங்கதிதான். அவர்களுக்கு அதைப் பந்தல் என்று சொல்லத்தான் தெரிந்தது. அத்தானோ மூலத்துக்கே போனவர். லண்டனில் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு பேர்கோலா இருக்கிறது. லீவர்ஹூம் பிரபு 1904இல் அங்கே ஒரு மாளிகையை வாங்கி, தோமஸ் மோசன் என்ற தோட்டக் கலைஞரை வைத்துக் கட்டத் தொடங்கி, 1925இல் கண்மூடும் காலம்வரை நீட்டிக்கொண்டே போனார். ஏறக்குறைய 800 அடி நீளம். அந்தப் பக்கம் சுரங்க ரயிலுக்குத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டி நிலத்தையே உயர்த்தினார்களாம். லீவர்ஹூம் யாரென்றால், நாங்கள் கிணற்றடியில் போட்டுத் தேய்த்த சன்லைட் சவர்க்காரத்தின் சொந்தக்காரர். கொப்பரையும் பாமெண்ணெயும் நுரையாகி, நுரை காசாகி, காசு கல்தூணாகி நின்ற இடம் அது. தென்னை மண்ணில் பிறந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் கீழே நடந்துபோய், "இது எங்கட வளவில நிண்டா எப்படி இருக்கும்" என்று யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

வடிவமைப்பு முழுக்க அத்தானின் கைவண்ணம். லப்ரொப்பில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். மேலிருந்து, கீழிருந்து, பறவை பார்ப்பதுபோல். பேர்கோலாவின் கீழே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் கிளாசோடு. அவள் யார் என்று அம்மா கேட்டாள். அவள் கம்பியூட்டரில் இலவசமாக வருகிறவள் என்று சொன்னேன். "அப்ப அவளுக்குத்தான் கட்டுறாரா?" என்றாள் அம்மா. வயதானவர்களுக்கு நவீன வரைபடம் வாசிக்க வராது.

அளவுகள் இவை. நீளம் 12 அடி, அகலம் 10, உயரம் 8. தூண் நாலுக்கு நாலு அங்குலம். மேலே ஒன்பது சட்டம். ஒவ்வொன்றும் 2 அங்குலக் கனம், 6 அங்குல ஆழம், நிமிர்த்தி வைத்தது, ஒன்றரை அடிக்கு ஒன்று. நுனிகளில் யானைத் துதிக்கை வளைவு. வேலைக்குப் பிடித்தது எங்கள் ஊர் ஓடாவியாரை. தோணி கட்டிப் பழகின கை. படத்தைப் போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் மூன்றே கேள்விதான் கேட்டார். தூணை ஏன் சீமெந்துக்குள்ளேயே புதைக்க வேணும்? மூலைக்கு முட்டுச்சட்டம் எங்கே? மேலே கிடுகாவது போடுவமா? மூன்றுக்கும் லண்டனிலிருந்து ஒரே பதில் வந்தது: "டிசைன் கெட்டுப்போகும்."

"தோணியையே நாங்க வேலை முடிஞ்சாக் கரையில ஏத்திக் காய வைக்கிறம்," என்றார் ஓடாவியார், உளியைத் துடைத்தபடி. "இவர் மரத்தத் தண்ணிக்குள்ள நட்டு வைக்கச் சொல்றார். சரி, சொன்னபடி செய்வம்."

சொன்னபடி செய்தார். அதிலே ஒரு குறையும் சொல்ல முடியாது. பொளியும் கூர்மாட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன.

இனி அதன் சிறப்புகளில் தலையானது: நிழல். பேர்கோலா நிழல் தராது என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அபாண்டம். தருகிறது. நான் அளந்தே பார்த்தேன். 12 அடிக்கு 144 அங்குலம். ஒன்பது சட்டத்தின் கனம் 18 அங்குலம். சூரியன் நேர் உச்சியில் நின்றால் எட்டில் ஒரு பங்கு நிழல், ஏழு பங்கு வெயில். ரூபாய்க்குப் பன்னிரண்டரைச் சதம். இந்தக் காலத்தில் எந்த வங்கி தருகிறது?

லண்டனில் இப்படி இல்லை என்பது உண்மைதான். அங்கே ஆனி மாத நடுப்பகலிலும் சூரியன் உச்சிக்கு ஏறாது. தெற்கே சரிந்து நிற்கும். சரிந்த வெயில் சட்டத்தின் ஆறங்குல முகத்தில் பட்டு, அதன் நிழல் ஐந்தங்குலத்துக்கு விரியும். மூன்றில் ஒரு பங்கு தரை மறைந்துவிடும். வெயிலைக் கண்டால் சட்டையைக் கழற்றுகிற ஊருக்கு அது போதும். வாகரை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகையில் கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னே சூரியன் எங்கள் முகட்டுக்கு நேரே வரும்; செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு தரம் வரும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகலில் அது வடக்கே நிற்கும். அத்தானின் வரைபடம் சூரியனைத் தெற்கில் வைத்து வரைந்தது. தவறு வரைபடத்தில் இல்லை. சூரியன் படத்தைப் பார்க்காமல் வந்துவிட்டது.

அதற்காகப் பேர்கோலா தன் முழுத் திறமையை வாகரையில் காட்டவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மார்கழியில் காட்டும். அப்போது சூரியன் நன்றாகத் தெற்கே சரிந்திருக்கும். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே நிழல், லண்டனையே வென்றுவிடும். என்ன, மார்கழியில் எங்களுக்கு வெயில் இருப்பதில்லை. வாடை மழை ஊற்றிக்கொண்டிருக்கும். கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற மாதங்களில் இல்லாத நிழல், மழை மாதத்தில் பத்திரமாக வந்து சேர்கிறது. உதவியைக் காலம் பார்த்துச் செய்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். காலம் பாராமல் செய்வதுதான் பெருந்தன்மை.

மரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இந்தப் பக்கத்து வீடுகளில் பாலையும் முதிரையும் பனை வைரமும் தலைமுறை கண்டு நிற்கின்றன. பெர்மிற் எடுக்கிற அலைச்சல் உண்டு, உளி மழுங்கும், ஆனால் கறையான் அதனோடு மல்லுக்கட்டிப் பல்லுடைந்து போகும். அத்தானுக்கு அது மிகவும் பழைய கதையாகப் பட்டது. புத்தகத்தில் சொன்னது சீடர் மரம். அது அகப்படவில்லை. ஆகவே கொழும்பிலிருந்து பைன் பலகை லொறியேறிப் பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வந்து இறங்கியது. மருந்தேற்றிய பைனும் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பச்சைச் சாயல் இருக்குமாம், கண்ணுக்கு உறுத்துமாம். எனவே மருந்தில்லாத வெள்ளைப் பைன், மேலே லண்டனிலிருந்து சூட்கேசில் வந்த தேன் நிறப் பூச்சு. வருடத்துக்கு இரண்டு தரம் அந்த எண்ணெயைப் பூச வேண்டியது என் பொறுப்பு. மரம், கூலி, லொறி எல்லாம் சேர்த்து ஆறு இலட்சம் ரூபா.

மாரி முடிந்து ஒரு நாள் வடமேற்குத் தூணடியில் மண் குழாய் ஒன்று பென்சில் கனத்தில் ஏறியிருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓட்டம். தூணில் விரலை வைத்து அமர்த்தினால், மேலே தேன் நிறத் தோல் அப்படியே இருக்க, உள்ளே பிஸ்கட் மாதிரி அமுங்கியது. சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவில் மரம் சுருங்கி ஒரு இடுக்கு விட்டிருந்தது. அதில் மழைத் தண்ணீர் தேங்கி, ஈரம் குடித்து, கறையானுக்குப் பந்தி விரித்திருந்தது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாரிக்குக் கண்முன்னே ஒரு கொடி, பற்றுக்கோடில்லாமல் ஆடிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் கொடுத்தான். அத்தான் கொடி எதையும் பார்க்கவில்லை. கேளாமலே, பாராமலே, ஐயாயிரம் மைல் தள்ளியிருந்து, வாயில்லாத சீவனுக்கு ஆறு இலட்சத்துக்கு அன்னதானம். பறம்பு மலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியதுதான்.

கொடி இல்லை என்றும் சொல்ல முடியாது. திட்டத்தில் இருந்தது. விஸ்டீரியா. ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குமாம், படத்தில் பார்த்தோம், உண்மையிலேயே அழகு. குளிர் கண்டால்தான் அது பூக்கும். விதையும் தபாலில் வந்தது. ஒன்று முளைத்தது, ஒரு முழம் வளர்ந்து, மணலைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து காய்ந்துவிட்டது. சரி, ஒரு பாகலையோ புடோலையோ ஏற்றுவோமா, கொடித்தோடை நன்றாகப் படருமே என்று கேட்டேன். பூச்சு கெட்டுவிடும் என்று பதில் வந்தது. காய்கறியை ஏற்றினால் பிறகு அது பந்தலாகிவிடாதா?

பந்தல் என்றால் அடுத்த வளவில் இருக்கிறது, மாமியுடையது. அதோடு இதை ஒப்பிடுவதே பாவம். ஆனாலும் வேலிக்கு மேலே தெரிகிறதே, என்ன செய்ய. கால்கள் சீமைக்கிளுவைக் கதியால். நட்ட இடத்தில் வேர் விட்டுத் துளிர்த்து நிற்கின்றன. உயிரோடு நிற்கிற காலுக்குக் கறையான் பயம் இல்லை. மேலே தென்னம் பாளைக் கயிற்றாலும் நைலோன் துண்டாலும் கட்டின கம்புகள். அதன்மேல் மாமா கரைவலைக்குப் போன காலத்துப் பழைய வலை, அங்கங்கே பொத்தினது, ஒரு மூலையில் இன்னும் மிதப்புக் கட்டை தொங்குகிறது. வலைக்கண் ஒவ்வொன்றிலும் பாகலின் சுருள்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறது. இலை மேல் இலையாக மூடி, வெயில் உள்ளே வருவதென்றால் பச்சையாகித்தான் வரவேண்டும். காய்கள் கண் வழியே கீழே இறங்கித் தொங்கும். ஒரு ஓரத்தில் புடோல். நேராக நீளட்டும் என்று நுனியில் சிறு கல் கட்டியிருப்பாள். கல் மெல்ல ஆடும். கீழே மண் ஈரம், கோழி, ஒரு கவிழ்த்த மீன்பெட்டி. இதற்கு வரைபடம் இல்லை. செலவு கேட்டால் மாமி யோசிப்பாள், கயிறு கூட வாங்கினதில்லை. மேலிருந்து பறவை பார்ப்பதுபோல் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, வெறும் இலை.

அம்மா பகலில் அங்கேதான் போய் இருக்கிறாள். அவளுக்கு நிழலைப் பற்றிக் கொஞ்சம் பழைய அனுபவம். 2004 மார்கழி 26 கடல் வந்துபோன பிறகு தகரக் கொட்டிலில் இருந்தாள். தகரம் பத்து மணிக்கே அடுப்பாகிவிடும். 2007 தொடக்கத்தில் வாகரையே சண்டையில் வெறுமையாகி இடம்பெயர்ந்தபோது வாழைச்சேனைப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே கிடந்தாள். கூடாரத்துக்குள் பகலில் மூச்சு விட ஏலாது. கிட்ட ஒரு வேம்பு நின்றது. பத்துப் பதினைந்து குடும்பம் அதன் கீழே பாய் போட்டு, நிழல் நகர நகரப் பாயை இழுத்து இழுத்து, பின்னேரம் வரை அந்த மரத்தை ஒரு அரைவட்டம் சுற்றி வருவார்களாம். வந்து போனவர்கள் எல்லாரும் எதையாவது கொடுத்தார்கள், பலகையில் பேரும் எழுதினார்கள். வேம்பில்தான் ஒரு பலகையும் இல்லை. இப்படி எல்லாம் பழசை நினைத்துக்கொண்டிருந்தால் புதுமை எப்படி ரசிக்கும்? அம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன். "அது நல்ல வடிவுதான் மனே," என்றாள். "உடுப்புக் காயப் போட நல்லாருக்கும்." மெய்தான்; ஒன்பது சட்டத்திலும் கொடி கட்டினால் மூன்று வீட்டு உடுப்புக் காயும். ஏழு பங்கு வெயில் வீண்போகவில்லை.

காற்றுக்கும் அது பணிவானது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை முறித்துப் போட்டதையும் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனதையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூரை இருந்தால்தானே காற்று கழற்றும்? இந்தத் தொலைநோக்கு வேறு யாருக்கும் வரவில்லை. முட்டுச்சட்டம் இல்லாத கட்டடம் வாடைக்கு ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு வெட்கப்பட்டதுபோல் மெல்ல நிமிர்ந்து, திரும்பச் சாய்கிறது. வீதியால் போகிறவர்கள் அது தங்களுக்குத் தலையசைப்பதாக நினைத்துப் பதிலுக்குத் தலையசைத்துப் போகிறார்கள்.

இந்தச் சித்திரைக்கு அத்தானே வந்துவிட்டார். வருடப்பிறப்புக்கு மூன்று நாள் இருக்க வந்து இறங்கி, பெட்டியை வைத்த கையோடு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பேர்கோலாவின் கீழே போய் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி. நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டங்குல நிழல் ஒன்று அவர் மூக்கு வழியாக நேர்கோடு போட்டது. மற்றது முழங்காலில். கதிரையை ஒரு அங்குலம் நகர்த்தினார். மூக்குக்குப் போன நிழல் காதுக்குப் போனது. தலையில் துவாயைப் போட்டார். சில படங்கள் எடுத்தார். அவை மிக நன்றாக வந்தன. வரி வரியாக வெயில் விழுந்த மணல் படத்தில் அத்தனை அழகு. லண்டனிலிருந்து கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

பிறகு ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், மாமியின் பந்தலுக்குக் கீழே மீன்பெட்டியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். புடோல் கல் ஒன்று அவர் தோளுக்குக் கிட்ட ஆடிக்கொண்டிருந்தது. அம்மா பாகற்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமி, இதுக்குள்ள என்ன குளிர்ச்சி," என்றார் அத்தான், மேலே அண்ணாந்து பார்த்து. "ஆருட டிசைன் இது?"

"டிசைனா?" மாமி கோழியை விரட்டிவிட்டுச் சொன்னாள். "வலை சும்மா கிடந்திச்சு மருமகன்."

அத்தான் தலையாட்டினார். இளநீரை முடித்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, போனைத் திறந்து ஒரு படம் காட்டினார். வட்டமாகக் கல் அடுக்கி, நடுவில் விறகு எரிய, சுற்றிவரக் கதிரைகள். தொப்பிக்காரி இதிலும் இருந்தாள். இந்தத் தரம் தோளில் ஒரு கம்பளி.

"ஃபயர் பிற், மச்சான். பேர்கோலாவுக்கு முன்னால. இரவில சுத்தி இருந்து குளிர் காயலாம். எத்தினை அடி இடம் இருக்கெண்டு ஒருக்காப் போய் அளந்து பார்."

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். மணல் செருப்புக்கு மேலாலும் சுட்டது.